எந்த வீட்டு முட்டை

கம்பத்தில் மலைக்குப் போகிற ரோடு பிரியும் இடத்தில், விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். அங்கே போய்க் கஸ்தூரியம்மா வீடு எது என்று கேட்டால் யாரும் உடனே பதில் சொல்ல மாட்டார்கள். கேட்டவனை ஏற இறங்கப் பார்ப்பார்கள். சட்டை வெள்ளையாக, சட்டைக்குள் வயிறு உருண்டையாக இருந்தால், "என்னண்ணே, பிள்ளை தங்கலையா?" என்பார்கள். சட்டை சுமாராக இருந்தால், "தம்பிக்குப் பொண்ணு பாக்குறீகளா?" என்பார்கள். சட்டையே சரியில்லாதவனிடம், "பின்னாடி ஒரு ஆளுக்கு இடம் இருக்கு, தோட்டத்துக்கு ஏறுறியா?" என்பார்கள். அவ்வளவுதான் மரியாதை.

முதல் இரண்டு வகை ஆளும் கஸ்தூரியம்மாளுக்குச் சோறு போட்டவர்கள். மூன்றாவது வகையில் பிறந்தவள் அவள். அதனால் மூன்று பேரையுமே அவளுக்குப் பிடிக்காது.

கூடலூரில் பிறந்தாள். அஞ்சாங்கிளாசோடு பள்ளிக்கூடம் சலித்துவிட்டது. ராக்கையா என்கிற ஜீப் டிரைவருக்கு வாழ்க்கைப்பட்டுக் கம்பம் வந்தாள். புருஷனுடைய ஜீப்பிலேயே நசுங்கிக்கொண்டு மலையேறி வருஷக்கணக்காக ஏலக்காய் எடுத்தாள். அந்த ஜீப்பில் போகிற பெண்களுக்குக் கை கால் அசைக்க இடம் இருக்காது. வாயை மட்டும்தான் அசைக்க முடியும். யார் வீட்டில் பொண்ணு இருக்கிறது, யார் வீட்டுப் பையனுக்கு வலிப்பு, யாருடைய அண்ணன் சொத்தைப் பிரித்துத் தரவில்லை, எல்லாம் மலையேறி இறங்குவதற்குள் காதில் விழுந்துவிடும். மற்றவர்கள் கேட்டதை அங்கேயே உதறிவிட்டு இறங்கினார்கள். கஸ்தூரியம்மாள் முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கினாள். அப்படித்தான் கல்யாணத் தரகர் ஆனாள்.

தரகுக்கு அவளிடம் இருந்த கைமுதல் ஒன்றே ஒன்று. அவள் பார்த்த இடத்தில் பங்காளி குறுக்கே வராது. ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவன் பங்காளி, பங்காளி வீட்டுப் பொண்ணு தங்கச்சி, தங்கச்சியைக் கட்டினால் வம்சம் நாறிப்போகும். பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டக்காரனிலிருந்து தோட்டி வரைக்கும் இதற்கு மட்டும் பயம். மற்ற தரகர்கள் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைவார்கள். கஸ்தூரியம்மாள் பொண்ணு வீட்டு வாசலில் கால் வைத்ததும் கேட்பது, "ஏத்தா, ஒங்க குலசாமி எது?" கேட்டது ஒரு முறை நெஞ்சில் விழுந்தால் அழியாது. "கஸ்தூரி பாத்தாச்சா? அப்பப் பயமில்லை" என்று பெரிய வீடுகளில் சொல்லுவார்கள். அந்தச் சொல் போனால் அவள் மறுபடியும் ஜீப்பில் நசுங்க வேண்டியதுதான். அது அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

அவள் சேர்த்துவைத்த ஜோடிகளில் சிலதுக்குப் பிள்ளை தரிக்கவில்லை. நம் ஆட்கள் லேசுப்பட்டவர்களா? கட்டியவனைப் பிடிக்க மாட்டார்கள், கடவுளைப் பிடிக்க மாட்டார்கள், தரகரைப் பிடிப்பார்கள். "நீ பாத்து வச்ச பொண்ணுதான, நீயே வழி சொல்லு" என்று வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் தொல்லை தாங்காமல்தான் தேனியில் புதிதாகத் திறந்திருந்த பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மாடிக் கட்டடம், கண்ணாடிக் கதவு, சுவர் முழுக்க வெள்ளைக்காரக் குழந்தைகளின் படம். கறுத்துப்போன தேனிச் சனம் அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருக்கும்.

டாக்டரம்மா கெட்டிக்காரி. நாலாவது தடவை கஸ்தூரியம்மாளைக் கண்டதும் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள்.

"உங்களுக்கு எல்லா வீடும் தெரியுமாமே? சில பொம்பளைகளுக்குச் சொந்த முட்டை சரியா இருக்காது. வேற பொம்பளகிட்ட வாங்கி வைக்கணும். ஆரோக்கியமான, குழந்தை பெத்த பொம்பளைகளா உங்களால கூட்டிட்டு வர முடியுமா?"

"என்ன சாதியிலம்மா வேணும்?" என்று கேட்டாள் கஸ்தூரியம்மாள்.

"சேச்சே, நாங்க சாதியெல்லாம் பார்க்கிறதில்லை. இது சயின்ஸ்" என்ற டாக்டரம்மா, கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிவிட்டு, "ஆனா வர்ற பார்ட்டி திருப்தியா இருக்கணும்ல. அதை நீங்களே பார்த்துக்கங்க. என் காதுக்கு வர வேண்டாம்" என்றாள்.

படித்தவள் கையில் அழுக்கு ஒட்டாது. ஒட்டுகிற வேலைக்கு ஆள் வைத்துக்கொள்வாள்.

ஆள் பிடிக்கக் கஸ்தூரியம்மாள் எங்கும் அலையவில்லை. அதே ஜீப் ஸ்டாண்டு. பெண்கள் ஏறும்போது பல்லைப் பார்ப்பாள், தோலைப் பார்ப்பாள், மூச்சு வாங்குகிறதா என்று பார்ப்பாள். மாடு பிடிக்கிறவனுக்கும் அவளுக்கும் வித்தியாசம், மாட்டிடம் அவன் பேச்சுக் கொடுக்க மாட்டான். குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவள் என்றால் அவளுக்கு இன்னும் பிடிக்கும், பின்னால் வயிறு தள்ளி வம்பு வராது. ஆனால் அந்தப் பெண்களுக்குத்தான் சந்தேகம் வரும்.

"ஆப்ரேசன் பண்ணியாச்சேக்கா, இன்னமும் உள்ள முட்டை இருக்குமா?"

"வாசலத்தான்டி அடைச்சிருக்காக. வீடு உள்ள அப்படியேதான் இருக்கு."

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பார்கள். எய்ட்ஸ், மஞ்சள் காமாலை, சர்க்கரை, எல்லாம் பார்ப்பார்கள். ஸ்கேன் எடுப்பார்கள். வீட்டில் யாருக்காவது புத்திக் கோளாறு உண்டா என்று கேட்பார்கள். புருஷன் வந்து கையெழுத்துப் போட வேண்டும். இதற்கெல்லாம் முன்னால், ஜீப் ஸ்டாண்டிலேயே ஒரு பரிசோதனை முடிந்திருக்கும். "ஏத்தா, ஒங்க குலசாமி எது?"

வாங்குகிறவர்கள் கேட்கிற கேள்வி அப்படி. செவப்பாக இருக்க வேண்டும், நம்ம ஆளாக இருக்க வேண்டும், பங்காளியாக இருக்கக் கூடாது, பிளஸ் டூவாவது படித்திருக்க வேண்டும். பிளஸ் டூ படித்தவள் எதற்கடா விடிகாலையில் ஏலக்காய் எடுக்கப் போகிறாள் என்று ஒருத்தனுக்கும் தோன்றாது. இன்னொருத்தி வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க மூன்று தலைமுறை விசாரிக்கிறவர்கள், இன்னொருத்தி வயிற்றிலிருந்து வாரிசு வாங்க மட்டும் வாசலில் வந்து நின்றார்கள்.

ராக்கையாவுக்கு இந்தத் தொழிலே ஆகாது. ஆகாதென்று வந்ததைச் சாப்பிடாமல் இருந்தானா என்றால், இல்லை.

"கோழி முட்டைக்குக்கூடச் சாதி கேக்குறவனை நான் பாத்ததில்லடி."

"கோழி முட்டையத் தின்னுட்டுப் போயிருவாய்ங்க. இது வளந்து பட்டாவுல கையெழுத்துப் போடும்ல" என்பாள் கஸ்தூரியம்மாள்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் சுருளிப்பட்டிக் கருத்தம்மாள் காரில் வந்து இறங்கினாள். திராட்சைத் தோட்டம், கிணறு, தேனியில் கடைகள், எல்லாம் உள்ள வீடு. ஒரே மகன் பாண்டீஸ்வரன், அவன் பெண்டாட்டி தவமணி. தவமணியின் சொந்த முட்டையை வைத்து மூன்று தடவை செய்து பார்த்து மூன்றும் தங்கவில்லை. இனி வேறு பெண்ணின் முட்டைதான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். கருத்தம்மாளுக்கு அது பெரிய துக்கமாகத் தெரியவில்லை. புருஷனின் தம்பி வீட்டில் வரிசையாக மூன்று பேரன்கள் இருப்பதுதான் துக்கம். இவள் மகனுக்கு வாரிசு இல்லையென்றால் தோட்டம் அந்தப் பயல்களுக்குப் போகும்.

"ஏத்தா கஸ்தூரி, எங்க சாமி பாறைக்கருப்பு. தெரியும்ல? பங்காளிப் பொம்பள முட்டை எம்மகன் வீட்டுக்குள்ள வந்துச்சு, நாண்டுக்கிட்டுச் செத்துருவேன். வெளிய தெரியவும் கூடாது. அப்பறம், எம்மகன் ஜாடை கொஞ்சமாச்சும் ஒத்துப்போகணும். பங்காளிய்ங்க வாயி சும்மா இருக்காது."

பாறைக்கருப்பு கூட்டத்துக்கு ஒரு அடையாளம் உண்டு. மூக்கு நடுவில் லேசாக எழும்பி, நுனி கீழே வளைந்திருக்கும். கிளிமூக்குக் கூட்டம் என்று மற்றவர்கள் கேலி பேசுவார்கள். பாண்டீஸ்வரனுக்கு அந்த மூக்கு முகத்தைவிடப் பெரிது.

அந்த மூக்கை மனதில் வைத்துக்கொண்டுதான் கஸ்தூரியம்மாள் ஜீப் ஸ்டாண்டில் நின்றாள். ஒரு வாரத்துக்குள் கிடைத்தாள் உமாதேவி. கூடலூர்க்காரன் பெண்டாட்டி, ஒரு பையன், சிவத்த மேனி, களையான வளைந்த மூக்கு. பாண்டீஸ்வரன் பக்கத்தில் நிறுத்தினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கஸ்தூரியம்மாளுக்கு உள்ளுக்குள் குஷி தாங்கவில்லை. இப்படி ஜாடை பிடித்துக் கொண்டுவர எந்தத் தரகனால் முடியும்?

"ஏத்தா, ஒங்க குலசாமி எது?"

"ஏழு கன்னிமாருக்கா. லோயர் கேம்ப் போற வழியில, வாய்க்காக்கரையில இருக்குல்ல, அந்தச் சாமி."

"எதுக்குத்தா இந்த வேலைக்கு வார?"

"அவரு வாடகைக்கு லோடு ஆட்டோ ஓட்டுறாரு. சொந்தமா ஒண்ணு பிடிச்சிட்டா நான் மலையேற வேண்டாம்லக்கா. இந்த ஜீப்புல என்னைக்கு உருளப்போறோமோன்னு வயித்தக் கலக்குது."

ஓட்டுகிறவன் தன் புருஷன் என்று கஸ்தூரியம்மாள் சொல்லவில்லை.

தேனியில் பார்த்த பரிசோதனை எல்லாவற்றிலும் உமாதேவி தேறினாள். டாக்டரம்மா கஸ்தூரியம்மாளின் தோளைத் தட்டி, "என்னம்மா, கூடப்பிறந்தவங்க மாதிரியில்ல பிடிச்சுட்டு வந்திருக்கீங்க!" என்று சிரித்தாள். கஸ்தூரியம்மாளும் சிரித்தாள். சந்தோஷமாக இருந்ததால் வேறு ஒரு சந்தேகமும் கேட்டாள்.

"ஏம்மா, இப்படி எடுத்துக்கிட்டே இருந்தா இந்தப் புள்ளைகளுக்கு முட்டை தீந்துபோகாதா? மறுபடி புதுசா ஊறுமா?"

"புதுசா ஊறாது. பொம்பளப் பிள்ளை பிறக்கும்போதே ஆயுசுக்கும் உள்ள முட்டையோடதான் பிறக்குது. மாசா மாசம் அதுல ஒண்ணு முத்தும். நாம ஊசி போட்டு ஒரே மாசத்துல நிறைய முத்த வைக்கிறோம். அவ்வளவுதான்."

இதையும் கஸ்தூரியம்மாள் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஊசி ஆரம்பமானது. உமாதேவிக்குத் தினம் சாயங்காலம் தொப்புளுக்குப் பக்கத்தில் போட வேண்டும். மருந்து சூடு பட்டால் கெட்டுவிடும், ஐஸில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். கஸ்தூரியம்மாளே ஊசி போடப் பழகியிருந்தாள். அந்தப் பக்கம் தவமணிக்குக் கர்ப்பப்பையைத் தயார் பண்ணும் மாத்திரை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது என்பது ஆஸ்பத்திரிச் சட்டம்.

இதற்கு நடுவில் மாசி சிவராத்திரி வந்தது. பள்ளத்தாக்கே குலசாமிகளைத் தேடிக் கிளம்பிவிடும். கஸ்தூரியம்மாளுக்கு அது சந்தை நாள். கூட்டம் கூட்டமாகக் கல்யாண வயசுப் பிள்ளைகளை ஒரே இடத்தில் பார்க்கலாம். அன்றைக்கு ஒரு நாள் ஊசியை நர்ஸ் யாரிடமாவது போட்டுக்கொள்ளச் சொல்லி, மருந்தை உமாதேவி கையிலேயே கொடுத்துவிட்டாள். அந்த வருஷம் கருத்தம்மாள் காரிலேயே, வைகை அணைக்கு இந்தப் பக்கம் கரட்டுக் குன்றின் அடிவாரத்தில் இருக்கிற பாறைக்கருப்பு கோயிலுக்குப் போனாள். முன்சீட்டில் பாண்டீஸ்வரன் மூக்கும் அவனும். பின்னால் கருத்தம்மாள், தவமணி, இவள். தவமணி மாத்திரைக் கிறக்கத்தில் சன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தாள். "கொஞ்சம் தண்ணி குடிக்கிறியாம்மா?" என்று அந்தக் காரில் யாரும் அவளைக் கேட்கவில்லை.

பொழுது சாயவில்லை. பொட்டலில் வரிசையாக அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். கருத்தம்மாளின் அடுப்புக்கு அடுத்தது கொழுந்தன் வீட்டு அடுப்பு. அவன் பேரன்கள் மூன்று பேரும் புழுதியைக் கிளப்பி விளையாடிக்கொண்டிருந்தார்கள். கருத்தம்மாள் பொங்கல் பானையைக் கிண்டியதைவிட அந்தப் பயல்களை முறைத்ததுதான் அதிகம்.

"அக்கா! கஸ்தூரிக்கா!"

கஸ்தூரியம்மாள் திரும்பினாள். பட்டுச்சேலையில், தலை நிறைய கனகாம்பரத்தோடு உமாதேவி வந்துகொண்டிருந்தாள். கையில் ஒரு ஃபிளாஸ்க்.

"நல்லவேளை ஒங்களப் பாத்தேன். ஊசிக்கு ஆண்டிபட்டி போகணுமேன்னு தவிச்சுக்கிட்டு இருந்தேன். ஐஸ் போட்டுக் கொண்டாந்திருக்கேன், கரையிறதுக்குள்ள போட்டு விட்டுருங்கக்கா."

"நீ எப்படித்தா இங்கன?"

"எங்கண்ணன் மகனுக்குக் காதுகுத்துக்கா. அத்தை நான் வராம முடியுமா? இது எங்க பொறந்த வீட்டுச் சாமில்ல."

"ஏழு கன்னிமாருன்னு சொன்னியே புள்ள?"

"அது எங்க வீட்டுச் சாமிக்கா. இது எங்கப்பன் வீட்டுச் சாமி. கல்யாணம் ஆனவகிட்ட ஒங்க சாமி எதுன்னு கேட்டா மாமியா வீட்டுச் சாமியத்தான சொல்லுவாக?"

உமாதேவி சொன்னது அவ்வளவுதான். கஸ்தூரியம்மாளுக்கு அந்தக் கரடே தலையில் உருண்டு விழுந்தது போலிருந்தது. கல்யாணத் தரகில் அவள் கேட்டது எல்லாம் கன்னிப் பொண்ணுகளிடம். அவளுக்கு அப்பன் வீட்டுச் சாமி ஒன்றுதான் உண்டு, கேட்டால் அதைத்தான் சொல்லுவாள். ஜீப் ஸ்டாண்டில் கேட்டது எல்லாம் தாலி கட்டிய பெண்களிடம். அதே கேள்வி, அதே குரல். ஒருத்தியிடமாவது பிறந்த வீட்டுச் சாமி எது என்று கேட்டாளா? இத்தனை வருஷமும், இத்தனை பெண்களிடமும், கேட்ட கேள்வியே தப்பு. கம்பத்திலும் போடியிலும் சின்னமனூரிலும் தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகளில் எது எது பங்காளிப் பிள்ளையோ, அந்தப் பாறைக்கருப்புக்குத்தான் வெளிச்சம். பங்காளி குறுக்கே வராது என்று பள்ளத்தாக்கே நம்பிய வாய், ஒன்றுக்கும் ஆகாத வாய்.

பானைக்குப் பின்னாலிருந்து கருத்தம்மாள் எழுந்து நின்றாள். அவள் பார்வை உமாதேவி கையிலிருந்த ஃபிளாஸ்க்கில் இருந்து மெதுவாக ஏறி மூக்கில் வந்து நின்றது.

"யாருத்தா நீ?" என்றாள்.

"நான் மேலத்தெருப் பூசாரி வீட்டுப் பொண்ணு ஆத்தா. கூடலூர்ல கட்டிக் குடுத்துருக்கு."

"போ, அந்த வேப்ப மரத்தடியில உக்காரு. கஸ்தூரி வருவா" என்று அனுப்பிவிட்டு, கஸ்தூரியம்மாளின் முழங்கையைப் பிடித்துக் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"இவளாடி?"

கஸ்தூரியம்மாள் தலையை ஆட்டினாள்.

"இவதானாடி? அண்ணன் தங்கச்சியையாடி சேத்து வைக்கப் பாத்த? ஒன் வாய நம்பித்தானடி வந்தேன்! சாமி கண்ணக் குத்தாது? கம்பத்துக்குள்ள நீ இனி எந்த வாசல்ல காலு வைக்கிறேன்னு பாக்குறேன்."

"நிப்பாட்டிருவோம் ஆத்தா. இன்னும் எடுக்கலைல்ல? வேற புள்ளையப் பாத்து நானே..."

"எப்ப?"

"இதே மாதிரி ஜாடை கெடைக்கணும்ல. ஒரு ஆறு மாசம்..."

"தவமணிக்கு?"

"இந்தத் தடவதான் உள்ள நல்லாத் தயாராகியிருக்குன்னு டாக்டரம்மா சொல்லுச்சு. மறுக்கா இப்படி வருமான்னு சொல்ல முடியாதாம்."

கருத்தம்மாள் அதற்குமேல் திட்டவில்லை. கார் கண்ணாடி வழியாக அந்தப் பக்கம் பார்த்தாள். கொழுந்தன் பேரன்களில் மூத்தவன் அவளுடைய பொங்கல் பானைப் பக்கமே வந்து, அவளுடைய கரும்பை ஒடித்துக்கொண்டு ஓடினான். பார்த்துக்கொண்டே நின்றாள். அதுவரை பாறைக்கருப்புக்குப் பயந்து நடுங்கிய முகத்தில், கடையில் பேரம் பேசுகிறவளின் களை வந்தது.

"ஏத்தா. இவளுக்குத் தாலி எங்கன ஏறுச்சு?"

"கூடலூர்ல."

"தாலி ஏறுனவளுக்கு எந்தச் சாமி?"

"புகுந்த வீட்டுச் சாமி."

"அவ செத்தா தீட்டு யாருக்கு? பொறந்த வீட்டுக்கா, புகுந்த வீட்டுக்கா?"

"புகுந்த வீட்டுக்குத்தான் ஆத்தா."

"அப்ப ஒடம்பே அங்கன போயிருச்சு. ஒடம்புக்குள்ள இருக்குறது மட்டும் இங்கனயா இருக்கும்?" கருத்தம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "இது இந்த மாசம் முத்துன முட்டைதான? இவளக் கட்டிக் குடுத்து எத்தனை வருசம் ஆச்சு! அப்ப இது எந்த வீட்டு முட்டை? நீயே சொல்லு."

பிறக்கும்போதே ஆயுசுக்கும் உள்ள முட்டையோடு பிறக்கிறது என்று டாக்டரம்மா சொன்னது கஸ்தூரியம்மாளின் முந்தானை முடிச்சில் பத்திரமாக இருந்தது. அப்பன் வீட்டில், தொட்டிலில் கிடந்தபோதே உமாதேவிக்குள் இருந்த முட்டை. அவிழ்த்துக் கொட்டினால் கருத்தம்மாளின் சட்டம் அங்கேயே செத்துவிடும். கூடவே கஸ்தூரியம்மாளின் பிழைப்பும் சாகும். பள்ளத்தாக்கில் இத்தனை வீட்டுத் தொட்டிலும் ஆடிப்போகும். சாமிக்கு முன்னால் உண்மை பேச வேண்டும் என்பார்கள். சாமி கும்பிட வந்தவர்கள்தான் அப்படிச் சொல்லுவார்கள், பிழைக்க வந்தவர்கள் சொல்ல மாட்டார்கள்.

"கூடலூர் வீட்டு முட்டைதான் ஆத்தா" என்றாள்.

"ம். ஏழு கன்னிமாரு முட்டை. நல்ல சாமி." கருத்தம்மாள் மூச்சை விட்டாள். "எம்மகனுக்கோ மருமகளுக்கோ இது தெரிய வேண்டாம். போ, ஐஸ் கரையப் போகுது."

வேப்ப மரத்தடியில் மறைப்பு இல்லை. நாலு பக்கமும் ஆள். கஸ்தூரியம்மாள் ஊசியில் மருந்தை இழுத்துக்கொண்டு விழித்தபோது, கருத்தம்மாளே பின்னால் வந்து தன் பட்டுச்சேலை முந்தானையை விரித்துப் பிடித்துத் திரை கட்டினாள். பங்காளி முட்டை வந்தால் நாண்டுகொண்டு செத்துவிடுவேன் என்றவள், பங்காளி எல்லோரும் பொங்கல் கிண்டிக்கொண்டிருக்க, பங்காளிப் பொண்ணின் வயிற்றில் ஊசி ஏறுவதற்குச் சேலை பிடித்துக்கொண்டு நின்றாள்.

உமாதேவிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வயிற்றைத் தேய்த்துக்கொண்டே, "இம்புட்டு ஒத்தாசை பண்றீகளே, நீங்க எங்களுக்கு என்ன முறையாகணும் ஆத்தா?" என்று கேட்டாள்.

கருத்தம்மாள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "பெரியம்மா முறை வேணும்த்தா" என்றாள். கையில் ஒரு வாழையிலைத் துண்டில் பொங்கலும் வைத்துக் கொடுத்தாள்.

அதே வாரம் தேனியில் மயக்க ஊசி போட்டு முட்டைகளை எடுத்தார்கள். உமாதேவிக்கு வயிறு பானை மாதிரி வீங்கி, வாந்தியெடுத்து, நாலைந்து நாள் எழுந்திருக்க முடியவில்லை. கஸ்தூரியம்மாள் இளநீரோடு போய்ப் பார்த்து, "எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். எல்லாருக்கும் அப்படி இருக்காது. ஆனால் அவளை அன்றைக்கு யார் மறுத்துப் பேச? கொஞ்ச நாளில் வீக்கம் வடிந்தது. கூடலூர் வீட்டு வாசலில் ஒரு பழைய லோடு ஆட்டோ வந்து நின்றது. உமாதேவி ஜீப் ஸ்டாண்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

சுருளிப்பட்டியில் தவமணிக்கு இந்த முட்டை முதல் தடவையிலேயே தங்கியது. மாமியார் அவளை மாடிப்படி ஏற விடவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று இப்போது வீடே கேட்டது. ஆண் பிள்ளை பிறந்தது. தோட்டத்துத் திராட்சைக்கு அந்த வருஷம் விலை இல்லை. ஆனால் கருத்தம்மாள் ஊரைக் கூட்டிச் சோறு போட்டாள், கொழுந்தன் வீட்டுக்கு முதல் பத்திரிகை.

முடியிறக்க, அடுத்ததற்கு அடுத்த சிவராத்திரிக்குப் பாறைக்கருப்பு கோயிலுக்குத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். கஸ்தூரியம்மாளுக்குத் தனியாகச் சேலை எடுத்துக் கொடுத்துக் கூட்டிப்போனார்கள். தாய்மாமன் மடியில் வைத்து மொட்டை போட்டதும், பிள்ளையின் முகத்தில் மூக்கு மட்டும்தான் தெரிந்தது. நடுவில் எழும்பி, நுனி வளைந்து, பாண்டீஸ்வரனுக்கே அவ்வளவு சுத்தமாக இல்லை.

கொழுந்தன் வாயே திறந்துவிட்டது. "ஊசி போட்டுப் பெத்த பிள்ளைன்னாய்ங்க. அடேயப்பா, நம்ம கூட்டத்துல பொறந்த எவனுக்கும் இப்படி மூக்கு இல்லையப்பா. அசலு, அசலு!"

"பாறைக்கருப்பு குடுத்தது கொழுந்தனாரே. கலப்படமா இருக்கும்?" என்றாள் கருத்தம்மாள். சொல்லிவிட்டுக் கஸ்தூரியம்மாள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு வெட்கமும் இல்லை. சொன்னதை அவளே நம்ப ஆரம்பித்திருந்தாள். பெரிய வீட்டுக்காரர்களுக்கு அது ஒரு வரம்.

கூட்டத்துக்குள்ளிருந்து உமாதேவி வந்தாள். பிறந்த வீட்டுக் கும்பிடுக்கு அண்ணன் அந்த வருஷமும் அழைத்திருந்தான். மொட்டைத் தலையைத் தொட்டுக் கொஞ்சியவள், மூக்கைப் பார்த்ததும் விரலை எடுத்துக்கொண்டாள். பிள்ளையைப் பார்த்தாள். கருத்தம்மாளைப் பார்த்தாள். அவள் முட்டாள் இல்லை. கஸ்தூரியம்மாள் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, அன்னைக்கு எனக்குச் சேலை பிடிச்ச பெரியம்மா இவுகதான?"

"ஆமாத்தா."

"இது அவுக பேரனா?"

"ஆமா. பங்காளி வீட்டுப் பிள்ளை. பாத்தாச்சுல்ல, போய்ப் பொங்கலப் பாரு. அடிப்பிடிக்கப் போகுது."

உமாதேவி மொட்டைத் தலையை இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் போனாள். கஸ்தூரியம்மாள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். கருத்தம்மாள் பிள்ளையைத் தூக்கி முந்தானைக்குள் மூடி, கண் படும் என்று காருக்குள் கொண்டுபோனாள். அதே முந்தானைதான்.

கஸ்தூரியம்மாளின் பெயர் கெடவில்லை. கூடிவிட்டது. ஜாடை மாறாமல் கொண்டுவந்து கொடுப்பாள் என்று உத்தமபாளையத்திலிருந்தும் ஆள் வந்தது. கேள்வியை மாற்றினாளா? மாற்றவில்லை. மாற்றினால் பழைய தொட்டில் எல்லாவற்றையும் எண்ண வேண்டி வரும்.

மறுவாரம் ஜீப் ஸ்டாண்டில் ஒரு புதுப்பெண்ணைப் பிடித்து நிறுத்தினாள். நல்ல பல், நல்ல தோல்.

"ஏத்தா, ஒங்க குலசாமி எது?"

அந்தப் பெண் தூக்குச் சட்டியைக் கைமாற்றிக்கொண்டு யோசித்தாள். "எதைக்கா கேக்குறீக? பொறந்த வீட்டுச் சாமியா, புகுந்த வீட்டுச் சாமியா?"

இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒருத்தி திருப்பிக் கேட்டாள். ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்த ராக்கையா தலையை வெளியே நீட்டி, பெண்டாட்டி என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்தான்.

"ஒருத்திக்கு எத்தனை சாமிடி?" என்று எரிந்து விழுந்தாள் கஸ்தூரியம்மாள். "தாலி எங்கன ஏறுச்சோ, அதைச் சொல்லு."